மகப்பேற்றுப் பின்காலம்

மகப்பேற்றுப் பின்காலம் என்பது, குழந்தையும் நஞ்சும் வெளியேறிய நேரம் தொடங்கி, தாயின் உடல் கருவுறுவதற்கு முந்திய நிலையை அண்மிக்கும் வரை உள்ள காலப்பகுதி ஆகும். மருத்துவ நூல்கள் இதனை ஆறு வாரம், அதாவது 42 நாட்கள் எனக் கணக்கிடுகின்றன. தமிழ் வழக்கில் உள்ள "நாற்பது நாள்" கணக்கும் ஏறத்தாழ இதனையே குறிக்கின்றது. ஆயினும் உடல் 42 ஆம் நாளில் முழுமையாக மீண்டுவிடுவதில்லை. பாலூட்டல், இடுப்புத் தசைகளின் வலு, குருதியின் இரும்புச் சத்து, மனநிலை ஆகியவை ஒழுங்குபடப் பல மாதங்கள் ஆகலாம்.

மகப்பேறு தொடர்பான தாய் இறப்புக்களில் கணிசமான பகுதி, குழந்தை பிறந்த பின்னரே, அதிலும் முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றது. கருவுற்றிருக்கும்போது மாதந்தோறும் நடைபெறும் பரிசோதனைகள், பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வீட்டுக்கு வருவோரும் குழந்தையைத்தான் பார்த்துவிட்டுச் செல்கின்றனர். உலக சுகாதார அமைப்பு 2022 இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, தாயும் சேயும் குறைந்தது 24 மணிநேரம் மருத்துவக் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். அதன் பின்னர் 48 முதல் 72 மணிநேரத்துக்குள் ஒரு முறையும், 7 ஆம் நாளுக்கும் 14 ஆம் நாளுக்கும் இடையில் ஒரு முறையும், ஆறாம் வாரத்தில் ஒரு முறையும் இருவரும் பரிசோதிக்கப்படல் வேண்டும். இலங்கையில் பொதுச் சுகாதார மருத்துவமாது வீட்டுக்கே வந்து தாயைப் பார்க்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் இப்பணியைச் செய்கின்றனர்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

குழந்தை பிறந்தவுடன் கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை கொண்டதாக, தொப்புள் மட்டத்தில் கையால் தொட்டு உணரக்கூடியதாக இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு விரல் அளவு கீழிறங்கி, இரண்டு வாரங்களில் இடுப்பெலும்புக்குள் மறைந்துவிடும். ஆறு வாரங்களில் அதன் எடை 100 கிராமுக்கும் குறைந்துவிடுகின்றது. பாலூட்டும்போது அடிவயிற்றில் வலி ஏற்படுவது இச்சுருக்கத்தின் விளைவே. இரண்டாவது, மூன்றாவது பேறுகளில் இவ்வலி கூடுதலாக இருக்கும். இது நோய் அன்று.

கருப்பையின் உட்புறம் ஆறும்போது வெளியேறும் ஒழுக்கு முதல் மூன்று நான்கு நாட்கள் சிவப்பாகவும், பின்னர் இளஞ்சிவப்பு அல்லது பழுப்பாகவும், பத்து நாட்களுக்குப் பின் வெளிர்மஞ்சளாகவும் மாறி, நான்கு முதல் ஆறு வாரங்களில் நின்றுவிடும். நிறம் வெளுத்த பின் மீண்டும் சிவப்பாக மிகுதியாகப் போனாலோ, துர்நாற்றம் வீசினாலோ அது இயல்பானது அன்று.

முடி உதிர்தல் பல தாய்மாரை அச்சுறுத்தும் ஒன்று. கருவுற்ற காலத்தில் உதிராமல் நின்ற முடிகள் மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் ஒருசேர உதிர்வதே இதன் காரணம். பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும்.

உயிருக்கு ஆபத்தான நிலைகள்

குருதிப்பெருக்கு: பிள்ளைப்பேற்றுக்குப் பின் 500 மில்லிலீட்டருக்கு மேல் குருதி இழக்கப்படுதல் மிகைக் குருதிப்பெருக்கு என வரையறுக்கப்பட்டு வந்தது. உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70,000 பெண்கள் இதனால் இறக்கின்றனர். பெரும்பாலானோரில் கருப்பை இறுகிச் சுருங்காமையே காரணம் ஆகும். குருதி இழப்பைக் கண்ணால் மதிப்பிடும்போது உண்மை அளவு குறைத்தே கணிக்கப்படுகின்றது என்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது. கென்யா, நைசீரியா, தென்னாப்பிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வு ஒன்று, அளவுக் கோடுகள் இட்ட ஒரு நெகிழி விரிப்பில் குருதியைச் சேகரித்து அளந்து, சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒரே நேரத்தில் அளித்ததால், கடுமையான குருதிப்பெருக்கும் அதன் கொடிய விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

வீடு திரும்பிய பின்னரும், 12 வாரங்கள் வரை, குருதிப்பெருக்கு ஏற்படலாம். ஒரு மணிநேரத்தில் ஓர் அணையாடை முழுதும் நனைந்துவிடுவது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதன் அறிகுறி.

பேறுகாலக் காய்ச்சல்: 1847 இல் வியன்னா பொது மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாசு செம்மல்வைசு, மருத்துவ மாணவர்கள் பேறு பார்த்த பிரிவில் தாய்மார் இறப்பு, மருத்துவமாதுக்கள் பேறு பார்த்த பிரிவினதைவிடப் பன்மடங்கு கூடுதலாக இருந்ததை ஆராய்ந்தார். மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே பேற்றறைக்கு வந்தனர். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவச் செய்ததும் இறப்பு விரைந்து குறைந்தது. நோய்க்கிருமிக் கோட்பாடு நிறுவப்படாத காலமாதலால் அவரது கருத்து ஏற்கப்படவில்லை. 1865 இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார். இன்றும் 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள ஒழுக்கு ஆகியன கருப்பைத் தொற்றின் அறிகுறிகளாகும். இதனைப் "பால் கட்டியதால் வந்த காய்ச்சல்" எனக் கருதி வீட்டிலேயே இருந்துவிடுவது ஆபத்தானது.

உயர் குருதி அழுத்தம்: பிள்ளை பிறந்ததும் குருதி அழுத்தம் சீராகிவிடும் என்னும் எண்ணம் தவறானது. மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அது மேலும் உயரக்கூடும். அதாவது, பலர் வீடு திரும்பிய பின். கருவுற்றபோது அழுத்தம் இயல்பாக இருந்தவர்களுக்கும் இது நேரலாம். கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள்.

குருதி உறைவு: முதல் ஆறு வாரங்களில் கால் நரம்புகளில் குருதி உறையும் வாய்ப்புக் கூடுதல். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் காணப்படும். உறைந்த கட்டி நுரையீரலை அடைந்தால் திடீர் நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் ஏற்படும்.

இத்தகைய நிலைகளில் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் அவசர ஊர்தியை அழைக்கலாம்.

பால் சுரக்கும் முறை

நஞ்சு வெளியேறியதும் தாயின் குருதியில் புரொஜெஸ்டரோன் அளவு விரைந்து வீழ்கின்றது. அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த பால் சுரப்பு அதன் பின்னரே முழுவீச்சில் தொடங்குகின்றது. மார்பு நிறைந்து கனப்பதை உணர இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகும். அறுவைப் பேற்றிலும், நீரிழிவு உள்ளவர்களிலும் சற்றுப் பிந்தலாம். இந்த இடைவெளியில்தான் "பால் இல்லை" என்ற முடிவுக்குப் பல குடும்பங்கள் வந்துவிடுகின்றன. உண்மையில், முதல் நாட்களில் சில மில்லிலீட்டர் அளவே வரும் மஞ்சள் நிறச் சீம்பால், சேயின் சிறிய வயிற்றுக்குப் போதுமானது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் அதில் செறிந்துள்ளன. பசுவின் சீம்பாலை அரும்பொருளாகக் கருதிக் காய்ச்சி உண்ணும் அதே வீடுகளில், தாயின் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, சேனை என்ற பெயரில் சர்க்கரை நீரைக் குழந்தையின் நாவில் தடவும் வழக்கம் இருந்து வந்தது விந்தையே.

சுரப்பைக் கட்டுப்படுத்தும் இயக்குநீர்கள் இரண்டு. குழந்தை சப்பும்போது கபச் சுரப்பியின் முன்பகுதியிலிருந்து வரும் புரோலாக்டின் பாலை உருவாக்குகின்றது. பின்பகுதியிலிருந்து வரும் ஆக்சிடோசின், உருவான பாலைக் குழாய்களின் வழியே வெளியே தள்ளுகின்றது. அச்சமும் வலியும் ஆக்சிடோசினைத் தடுக்கக்கூடும். ஆதலால், பால் இருந்தும் இறங்காமல் போகலாம். மூன்றாவதாக, மார்பிலேயே ஒரு பின்னூட்டு ஒழுங்கு உண்டு. பால் வெளியேறாமல் தேங்கினால் அம்மார்பில் சுரப்பு குறைகின்றது, வெளியேறினால் கூடுகின்றது. வலது, இடது மார்புகள் இதில் தனித்தனியே இயங்குகின்றன. புட்டிப்பால் ஒரு வேளை கொடுக்கப்படும்போது, அந்த வேளைக்கான தேவை பதிவாகாமல் போய், சுரப்பு குறைந்து, மேலும் புட்டிப்பால் தேவைப்படும் சுழல் இவ்வாறே தொடங்குகின்றது.

நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்டுவது இயல்பு. ஐந்தாம் நாளுக்குப் பின் 24 மணிநேரத்தில் ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் கூடி வரும் குழந்தைக்குப் பால் போதுமான அளவு கிடைக்கின்றது எனக் கொள்ளலாம். குழந்தை அழுவதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதும், இணை உணவுடன் இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் தொடரலாம் என்பதும் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

பேற்றின்போது பெருமளவு குருதி இழந்த தாய்க்குப் பால் சிறிதும் சுரக்காமல் இருப்பின் கபச் சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். இது 1937 இல் இதனை விவரித்த ஆரல்டு சீகனின் பெயரால் அழைக்கப்படுகின்றது. இத்தகைய தாயைக் குறை கூறுவதை விடுத்து மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மார்பு தொடர்பான சிக்கல்கள்

முலைக்காம்பு வெடிப்புக்கு மிகப் பொதுவான காரணம் குழந்தை காம்பை மட்டும் பற்றிக்கொள்வதாகும். வாய் அகலத் திறந்து, காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் இருக்குமாறு பற்றச் செய்தால் வலி குறையும். தாய் குனிந்து குழந்தையிடம் செல்லாமல், குழந்தையை மார்பு மட்டத்துக்கு உயர்த்தினால் முதுகுவலியும் குறையும்.

மார்பின் ஒரு பகுதி சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வருவது முலையழற்சி ஆகும். இதற்கான அறிவுரை அண்மையில் பெரிதும் மாறியுள்ளது. சூடான ஒத்தடம் கொடுத்து, கட்டியை அழுத்தித் தேய்த்து, மார்பை முற்றிலும் வெறுமையாக்க வேண்டும் எனப் பழைய நூல்கள் கூறின. உறவினரும் இன்றும் அவ்வாறே கூறுவர். தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான அக்கடமி 2022 இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கு மாறானது. அழுத்தித் தேய்ப்பது வீங்கிய திசுவை மேலும் சேதப்படுத்துகின்றது; மிகையாகப் பீய்ச்சுவது சுரப்பைக் கூட்டி வீக்கத்தை வளர்க்கின்றது. வழக்கமான அளவில் பாலூட்டுவது, குளிர்ந்த ஒத்தடம், ஐபுபுரோபென் அல்லது பராசிற்றமோல் ஆகியவையே முதற்படி. 24 மணிநேரத்தில் குறையாவிடின் நுண்ணுயிர் எதிர்ப்பி தேவைப்படலாம். பாதிக்கப்பட்ட மார்பிலும் பாலூட்டலாம். அது குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. சீழ்க்கட்டி உருவானால் அதனை வெளியேற்ற வேண்டும்.

குழந்தையை இழந்த தாய்க்கும் பால் சுரக்கும் என்பது பலரும் பேசாத ஒன்று. மூன்றாம் நாள் மார்பு நிறையும்போது அத்தாய் ஆயத்தமின்றி இருக்கின்றாள். இறுக்கமான உள்ளாடையும் குளிர் ஒத்தடமும் உதவும். தேவைக்கு மேல் பீய்ச்சாமல் விட்டால் சுரப்பு சில நாட்களில் அடங்கும். மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் தென்னிந்திய வழக்கமும் இதற்கெனவே உள்ளது. 1988 இல் வெளியான ஓர் ஆய்வு, மல்லிகையைப் புரோமோகிரிப்டின் என்னும் மருந்துடன் ஒப்பிட்டு, இரண்டுமே சுரப்பைக் குறைத்ததாகக் கண்டது. புரோமோகிரிப்டின் பக்கவிளைவுகளால் 1990களில் அமெரிக்காவில் இப்பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது.

உணவும் பத்தியமும்

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு 600 கிலோகலோரியும், அடுத்த ஆறு மாதங்களில் 520 கிலோகலோரியும் கூடுதலாகத் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை கூறுகின்றது. கருவுற்ற காலத்துக்குரிய கூடுதல் தேவையைவிட இது அதிகம். எனினும் பத்தியம் என்ற பெயரில் உணவு குறைக்கப்படுவதும் இக்காலத்தில்தான்.

தமிழர் வழக்கில் பேறுகால உணவு வளமான ஒன்று. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் முதலியவற்றைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டும் லேகியம், பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு, முருங்கைக்கீரை ஆகியன தமிழ்நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் சரக்கு அரைத்து வைக்கும் கறி இவ்விடத்தைப் பெறுகின்றது. சுறா, கருவாடு, கீரை ஆகியவை புரதமும் கனிமங்களும் தரக்கூடியவை. இவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. பூண்டும் சுறாவும் பால் சுரப்பைக் கூட்டுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சுரப்பைக் கூட்டுவது அடிக்கடி பாலூட்டுவதே.

தீங்கு விளைவிப்பவை பெரும்பாலும் தடைகளே. "தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், புண் ஆறாது" எனக் கூறித் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது அவற்றுள் முதன்மையானது. நாளொன்றுக்கு முக்கால் லீட்டர் அளவு பால் கொடுக்கும் உடலுக்குத் தண்ணீரை மறுப்பதால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் ஏற்படலாம்; குருதி உறையும் வாய்ப்பும் கூடலாம். தையல் இட்ட இடத்தில் மலச்சிக்கல் தரும் வேதனை தனி. தாகம் தீரும் அளவு குடிக்க வேண்டும் என்பதே விதி. பழம், தயிர், காய்கறி ஆகியவற்றைக் "குளிர்ச்சி" என விலக்குவதற்கும் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தாய் உண்ணும் பழத்தால் குழந்தைக்குச் சளி பிடிப்பதில்லை.

2019-21 இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். ஆதலால் இந்தியத் திட்டம், கருவுற்ற காலத்தில் 180 நாட்களும் பேற்றுக்குப் பின் 180 நாட்களும் இரும்பு-போலிக் அமில மாத்திரையைப் பரிந்துரைக்கின்றது. இரண்டாவது 180 நாட்கள் எளிதில் மறக்கப்படுகின்றன. மாத்திரையைத் தேநீருடன் உட்கொண்டால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும்.

ஓய்வு, புண், உடற்பயிற்சி

முதற்பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதல், தீட்டு அல்லது துடக்குக் காலத்தில் சமையலறைப் பணியிலிருந்து விலக்கப்படுதல் ஆகியவை தூய்மை பற்றிய நம்பிக்கைகளின் மேல் எழுந்தவை. ஆயினும் அவற்றால் தாய்க்கு ஓரளவு ஓய்வு கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. சீனரிடையே "மாதம் உட்காருதல்" என்றும், இலத்தீன் அமெரிக்காவில் நாற்பது நாள் காப்பு என்றும் இதற்கொத்த வழக்கங்கள் உள்ளன. ஓய்வு என்பது அசையாமல் படுத்திருப்பது அன்று. இயல்பான பேற்றில் சில மணிநேரத்திலும், அறுவைப் பேற்றில் பெரும்பாலும் 24 மணிநேரத்துக்குள்ளும் எழுந்து நடப்பது குருதி உறைவைத் தடுக்கும்.

தமிழ்நாட்டில் மேற்குறித்த கணக்கெடுப்பின்படி 45 விழுக்காட்டுப் பேறுகள் அறுவை முறையில் நிகழ்ந்தன. வயிற்றில் தையல் உள்ளவர் குழந்தையைவிடக் கனமான பொருளைச் சில வாரங்கள் தூக்கலாகாது. குழந்தையைக் கைக்கு அடியில் பக்கவாட்டில் வைத்துப் பாலூட்டினால் புண்ணில் அழுத்தம் விழாது. கொதிக்கும் நீரை வயிற்றில் அடித்து ஊற்றும் வழக்கம் தையலுக்குக் கேடு. பிறப்புறுப்பில் தையல் உள்ளவர் ஒவ்வொரு முறையும் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் வேண்டும்.

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதை "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" எனப் பலர் பொறுத்துக்கொள்கின்றனர். இடுப்புத் தளத் தசைகளைச் சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கிச் சில நொடிகள் நிறுத்தித் தளர்த்தும் பயிற்சியை, 1948 இல் ஆர்னல்டு கெகல் விவரித்தார். நாள்தோறும் செய்துவந்தால் சில மாதங்களில் பயன் தெரியும்.

கருவுற்றபோது நீரிழிவு இருந்தவர்கள் ஆறாம் வாரத்தில் குளுக்கோசுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி.

மனநலம்

மூன்றாம் நாள் தொடங்கிக் காரணமின்றி அழுகை, எரிச்சல், உறக்கமின்மை ஆகியவை வருவது மிகப் பொதுவானது. இரண்டு வாரங்களில் இது தணிந்துவிடும். தணியாமல் நீடிக்கும் துயரம், குழந்தையிடம் ஈடுபாடின்மை, தான் தகுதியற்ற தாய் என்ற எண்ணம் ஆகியவை பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வின் அறிகுறிகள். வளரும் நாடுகளில் ஏறத்தாழ ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு இது போன்ற உளநலச் சிக்கல் ஏற்படுவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது.

தமிழ்நாட்டின் கிராமப்புறப் பகுதியொன்றில் செய்யப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், 11 விழுக்காட்டுத் தாய்மாருக்குப் பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டது. அதனுடன் தொடர்புடையனவாகக் காணப்பட்டவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தமை, மாமியாருடனும் பெற்றோருடனும் உள்ள உறவுச் சிக்கல், கையுதவி இன்மை. மனச்சோர்வு இயக்குநீர்களின் மாற்றத்தால் மட்டும் வருவதன்று என்பதற்கு இப்பட்டியலே சான்று.

1987 இல் உருவாக்கப்பட்ட, பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவுகோல் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படுகின்றது. அதன் தமிழ் வடிவமும் ஆய்வு மூலம் சரிபார்க்கப்பட்டுள்ளது. பேச்சு வழி சிகிச்சையும், பாலூட்டும்போது உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உள்ளன. மருந்துக்காகப் பாலூட்டலை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆயிரத்தில் ஓரிருவருக்கு, இல்லாத குரல் கேட்டல், குழந்தை பற்றிய விபரீத நம்பிக்கை, உறக்கமே இன்மை ஆகியவற்றுடன் கடும் மனப்பிறழ்வு திடீரெனத் தொடங்கும். இது பேய்க்கோளாறு அன்று; உடனடி மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்படும் நிலை. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்.

அடுத்த கருவுறுதல்

மாதவிடாய் திரும்புவதற்கு முன்னரே கருவுற முடியும். குழந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்டது, இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் திரும்பவில்லை என்னும் மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறினால் மட்டுமே பாலூட்டல் 98 விழுக்காடு காப்பளிக்கும் என 1988 இல் இத்தாலியின் பெலாச்சியோ நகரில் கூடிய வல்லுநர்கள் முடிவு செய்தனர். ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும். ஈசுட்ரோசன் கலந்த மாத்திரைகள் பாலூட்டும் தொடக்க மாதங்களுக்கு ஏற்றவை அல்ல. செப்புக் கருத்தடைச் சாதனத்தைப் பேற்றுக்குப் பின் 48 மணிநேரத்துக்குள்ளேயே பொருத்தலாம். அடுத்த கருவுறுதலுக்கு முன் குறைந்தது 24 மாத இடைவெளி பரிந்துரைக்கப்படுகின்றது.

விடுப்பும் உதவியும்

இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத்தில் 2017 இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு இது 2021 இல் 12 மாதங்கள் ஆக்கப்பட்டது. வயல், கட்டடம், வீட்டுவேலை ஆகியவற்றில் உழைக்கும் பெரும்பான்மைப் பெண்களுக்கு இவ்விடுப்பு எட்டுவதில்லை. அவர்களுக்கு உள்ளது தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் போன்றவையே. 2006 இல் 6,000 ரூபாயாக இருந்த அதன் உதவித்தொகை 2011 இல் 12,000 ரூபாயாகவும், பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டு, தவணைகளாக வழங்கப்படுகின்றது. 2015 ஆகத்து மாதத்தில் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்கெனத் தனி அறைகள் திறக்கப்பட்டன.